ஸ்டெல்லா சாரி கேட்கவில்லை

ஜூலை 14, இரவு.

எதிர்வீட்டு மேரியக்காவுக்கு என் புதுக் கதையைப் படிக்கக் கொடுத்திருந்தேன். அதில் வரும் ஸ்டெல்லா முழுக்க என் கற்பனை. கணவனோடு சண்டை வந்தால், அவனாகச் சமைத்துச் சாப்பிட முடியாதபடி குக்கர் வெயிட்டை ஒளித்துவைப்பவள்.

பாடியில் உள்ள கம்பெனியில் வேலை முடிந்து அக்கா நேராக என் வீட்டுக்கு வந்தாள். "இன்னாடி, என்னியப் பத்தியே எழுதிகீற?"

"சத்தியமா இல்லக்கா, நானா யோசிச்சது."

அவள் முகம் வாடிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "சரி, நீதான்க்கா."

சிரித்தபடி வாசல்வரை போனவள் திரும்பினாள். "அப்ப கடைசில நான் இன்னாத்துக்கு அந்தாளுகிட்ட சாரி கேக்குறேன்? கேக்கவே மாட்டேனே!"

எனக்குக் கோபம்தான். ஆனாலும் ஸ்டெல்லா சாரி கேட்கும் பத்தியை இப்போது அடித்துவிட்டேன். கதை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது.

ஸ்டெல்லாவின் கணவன் இன்னும் பசியோடு வெயிட்டைத் தேடிக்கொண்டிருக்கிறான். எங்கே இருக்கிறதென்று எனக்கும் தெரியாது. காலையில் அக்காவிடம்தான் கேட்க வேண்டும்.