வலது கையைத் தூக்காதீங்க

என்னங்க,

உங்க கறுப்புக் கோட் லாண்டரிக்குப் போகவே இல்லை. என் தையல் மெஷினுக்கு அடியிலதான் ஒளிச்சு வெச்சிருந்தேன். இப்போ கதவுக்குப் பின்னால மாட்டியிருக்கு.

பாட்டுக் குழுவை நடத்தறப்போ நீங்க கையைத் தூக்கினா கோட்டும் காது வரைக்கும் ஏறுது. நான் ஆசைக்குத் தைக்கிற பழைய காலத்துக் கோட் மாடல்ல அக்குள் வெட்டு மேல ஏறியிருக்கும், கையைத் தூக்கினா கை மட்டும்தான் மேல போகும், கோட் அசையாது. உங்களதையும் அப்படி மாத்தி அசத்தலாம்னு வலது கையைப் பிரிச்சேன். பிரிக்கிறது சுலபமாத்தான் இருந்தது! நேத்து "கோட் எங்கே?"ன்னு கேட்டதும் வாய்க்கு வந்தது லாண்டரி. நீங்க நேரா போய் அந்த மனுஷரைச் சத்தம் போடுவீங்கன்னு நான் கண்டேனா?

அந்தக் கை வெறும் ஓட்டுத் தையல்லதான் நிக்குது, இழுத்தா பிரிஞ்சுடும். இன்னிக்கு மேடையில தோளுக்கு மேல தூக்காதீங்க. குழு குரலை ஏத்தணும்னா கண்ணைக் காட்டுங்க. ஆபீஸ் விட்டதும் வந்துடறேன், முன் வரிசையில ஊசி நூலோட இருப்பேன்.

சாப்பாடு மேஜை மேல மூடியிருக்கு.

இன்னொண்ணு: நீங்க குளிக்கறப்போ லாண்டரிக்காரர் போன் பண்ணினார். "கடை முழுக்கத் தேடிட்டேம்மா. சார் மேடை ஏறணுமே, என் கல்யாணக் கோட்டைக் கொண்டு வந்து தரேன்"னார். சரின்னு மட்டும் சொன்னேன்.

அவர் வந்தா டீ போட்டுக் கொடுங்க. சாயங்காலம் அவரையும் கையோட கூட்டிட்டு வாங்க, என் பக்கத்துல உட்காரட்டும். உண்மையை நீங்க சொல்லிடாதீங்க. லாண்டரின்னு சொன்ன வாய்தான் அதையும் சொல்லணும்.