பக்கச் சுவரில் என் முகம்

புதன், 14 மே

என் கடையின் பக்கச் சுவரில், கொலம்பியாவிலிருந்து வந்த பெண்கள் தங்கடை ஆக்களின் முகங்களைப் பெரிய படங்களாகக் கீறுகிறார்கள். மரவள்ளிக்கிழங்கு வாங்க வருபவர்கள்தானே, யாவாரமும் கூடும் என்று நான்தான் சுவரைக் கொடுத்தேன். இன்று அவர்களில் ஒருத்தி, மரியா, என்னையும் கீறி, சுற்றிவரப் பூவும் வைத்துவிட்டாள். பூச்சுற்றிய படம் என்றால் எங்கடை சனத்துக்குச் செத்தவீடுதான். படத்தைப் பார்த்து ஓடிவந்த பக்கத்துத் தெருத் தவமக்கா கடைக்குள் என்னைக் கண்டதும், "எடியே, நீ இருக்கிறியோ!" என்று நெஞ்சைப் பிடித்தா. பிறகு பின்னேரம் முழுக்க, நான் செத்துப்போனேனோ என்று கேட்டு ரெலிபோன்.

களைத்துப்போய் மரியாவிடம் அழிக்கச் சொன்னேன்.

"நீயும் எங்களைப்போல வந்தவள்தானே. நீ இல்லாமல் எப்படி?" என்றாள்.

இத்தனை வருசத்தில் இந்த ஊரில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. பூவை மட்டும் அழி என்றேன். ஏன் என்று கேட்டாள். விளக்க எனக்குத் தெம்பில்லை. படுக்கப்போறன்.