சிரிப்பை வெட்டியவளுக்கு

என் செல்லத் தங்கச்சி வசந்தாவுக்கு,

சிரிக்காதே. நீ இருந்தவரைக்கும் உன்னைச் செல்லம் என்று நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போது நீ திருப்பி ஒன்றும் சொல்ல முடியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் உனக்கு முதல் வருசத் திதி. பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, கீழே குடும்பத்தார் பெயரை வரிசையாகப் போடவேண்டும் என்கிறான் தம்பி. போடட்டும். அந்தப் படத்தில் நீ யாரோ மாதிரி இருக்கிறாய், அதுவும் போகட்டும். எனக்குச் சொல்ல இருப்பது அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. அதனால்தான் அதே பத்திரிகைக்குத் தனியாக இந்தக் கடிதம்.

ஊரார் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வசந்தா என் தங்கை, பட்டர்வொர்த்தில் ஒரு சரக்குக் கப்பல் ஆபீசில் வேலை பார்த்தவள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில், ஹோட்டல் வேலைக்காரர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினோம். எழுதவோ இலக்கணம் படிக்கவோ இல்லை. அடுத்தவர் பேசும் இங்கிலீஷைக் காதால் கேட்டு விளங்கிக்கொள்ள மட்டும். இன்டர்நெட்டில் கிடைக்கும் மேடைப் பேச்சுகளும் ஒலி நிகழ்ச்சிகளும்தான் எங்கள் பாடப்புத்தகம்.

இப்போது உனக்குச் செய்தி. கமலாவின் விஷயம் ஒரு வழியாக முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று பின்னால் சொல்கிறேன். எந்தக் கதையை ஆரம்பித்தாலும் "முடிவ முதல்ல சொல்லு" என்று பிடுங்குவாயே, இந்தத் தடவை கொஞ்சம் காத்திரு.

கமலாவை நீதான் ஃபெரிப் படகில் பிடித்து வகுப்புக்குக் கொண்டுவந்தாய். ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவள், பட்டர்வொர்த்திலிருந்து தினமும் கடல் தாண்டி வேலைக்கு வருகிறவள். குனிந்து குனிந்து மெத்தை விரித்தே முட்டி இரண்டும் தேய்ந்து போயிருந்தது. இனிமேல் இந்த வேலை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே ஹோட்டலில் டெலிபோன் மேசையில் ஓர் ஆள் தேவைப்பட்டது. கெஸ்ட் அறையிலிருந்து கூப்பிட்டால் என்ன வேண்டும் என்று கேட்டு, உரியவர்களிடம் சொல்லவேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை. அது கிடைத்தால் தப்பித்தாள், கிடைக்காவிட்டால் வேலையை விட்டு வீட்டில் உட்காரவேண்டியதுதான். அந்த வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. அவளுக்கு இங்கிலீஷ் பேசக்கூட ஓரளவு வரும். எதிரே முகம் இல்லாமல் போனில் கேட்டால்தான் ஒன்றும் விளங்காது.

நம் சண்டை அங்கேதான் தொடங்கியது, ஞாபகம் இருக்கிறதா?

எனக்கு மேடைப் பேச்சுதான் சரி. ஒரே ஆள், தெளிவான உச்சரிப்பு, ஆரம்பம் நடு முடிவு எல்லாம் ஒழுங்காக இருக்கும். மூன்று நிமிடத் துண்டாக எடுத்துக்கொள்ளலாம். முதல் தடவை எழுத்தைப் பார்க்காமல் கேட்கவேண்டும். இரண்டாம் தடவை கேட்டுவிட்டு, விளங்கியதைத் தமிழில் சொல்லவேண்டும். மூன்றாம் தடவை எழுத்தோடு வைத்துப் பார்த்தால், எந்த இடத்தில் காது கோட்டை விட்டது என்று தெரிந்துவிடும். வேகம் அதிகமானால் குறைத்துக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது. இதில் என்ன குறை கண்டாய் நீ?

"அக்கா, எந்த கெஸ்ட்டு மேடையில நின்னு தலகாணி கேக்குறான்?" என்றாய்.

உனக்கு இரண்டு பேர் வளவளவென்று பேசும் ஒலி நிகழ்ச்சிதான் வேண்டும். ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே விழுவார், பாதியில் நிறுத்துவார், தொண்டையைச் செருமுவார். அதைத்தான் ஃபெரியில் கேட்கச் சொல்லி கமலாவின் போனில் ஏற்றிக் கொடுத்தாய். கீழே துணிக்கடைக்காரர் பாட்டுப் போட்டால் நான் ஜன்னலைச் சாத்துவேன். நீ வந்து திறந்துவிடுவாய். ஹோட்டலிலும் இரைச்சல்தானே என்பது உன் வாதம். ஜன்னலும் நாமும் பட்ட பாடு.

அந்தச் சிரிப்பு விஷயத்துக்கு வருகிறேன்.

வகுப்பு தொடங்கிய புதிதில் நான் ஒரு பேச்சைப் போட்டேன். மேடையில் பேசியவர் ஏதோ சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது. நம் வகுப்பும் சிரித்தது. இன்னொரு இடத்திலும் கூட்டம் சிரித்தது, வகுப்பும் கூடவே சிரித்தது. எனக்கு ஒரே பெருமை. இவ்வளவு சீக்கிரம் காது திறந்துவிட்டதே என்று நினைத்தேன். நீ பின்னால் உட்கார்ந்திருந்தாய். முடிந்ததும் எழுந்து, ஒவ்வொருவராகப் பிடித்து, என்ன சொன்னார், எதுக்குச் சிரிச்சீங்க என்று கேட்டாய். ஒருவருக்கும் தெரியவில்லை. செக்யூரிட்டி வேலை பார்க்கும் முனியாண்டி அண்ணன்தான் உள்ளதைச் சொன்னார். "எல்லாரும் சிரிச்சாங்க. நாம மட்டும் சும்மா இருந்தா மரியாதையா இருக்காதே லா."

நம் ஆட்களுக்கே உரிய வழக்கம் அது. மேனேஜர் மூன்று வாக்கியம் சொல்வார், ஒன்றும் விளங்காது, "ஓகே பாஸ்" என்று தலையாட்டிவிட்டு வந்து பக்கத்தில் இருக்கிறவரிடம் என்ன சொன்னார் என்று கேட்பது. விளங்கவில்லை என்று சொன்னால் எதிரே இருப்பவரை அவமதித்தது போல ஒரு கூச்சம். இத்தனை வருசம் வகுப்பில் நின்ற நானும் அந்தத் தலையாட்டலைப் பாடம் ஏறியதாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வகுப்புக்கு அதே பேச்சைக் கொண்டுவந்தாய். கூட்டத்தின் சிரிப்பையும் கைதட்டலையும் ஒன்று விடாமல் வெட்டியிருந்தாய். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த மனிதர் பாவம், தனியாக ஜோக் சொல்லிக்கொண்டே போனார். "இங்க யாரும் தலையாட்டக் கூடாது. விளங்கலன்னா மறுபடி சொல்லுங்கன்னு கேக்கணும். அவ்வளவுதான் சட்டம்" என்றாய். அதற்கப்புறம் வெட்டாத பேச்சை நீ வகுப்புக்குள் விட்டதே இல்லை.

எத்தனையோ வகுப்புகள் அப்படி ஊமையாகப் போயின. பிறகு ஒருநாள், ஒருவர் தன் நாய்க்கு உட்காரச் சொல்லிக்கொடுக்கப் போய், கடைசியில் நாய் நிற்க அவர் உட்கார்ந்த கதையைச் சொன்னபோது, கமலா மட்டும் சிரித்தாள். சிரித்துவிட்டு, தப்புச் செய்தவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள். நீ பாராட்டுவாய் என்று பார்த்தேன். நீயோ அந்த இடத்தை மறுபடி போட்டாய். மேடைப் பேச்சில்தான் அவள் முதலில் சிரித்தாள் என்பதை இங்கே குறித்துக்கொள்.

பிறகு உனக்கு உடம்பு முடியாமல் போனது.

ஆஸ்பத்திரி விஷயத்தை நீளமாக எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும். டாக்டர் நல்ல மனிதர், இங்கிலீஷில் நிதானமாகத்தான் சொன்னார். நான் கட்டில் ஓரத்தில் நின்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது, ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய், பிறகு அவரைப் பார்த்தாய். எங்க அக்கா சும்மா தலையாட்டுறாங்க டாக்டர், எனக்கும் சரியா விளங்கல, சின்ன வார்த்தையா மறுபடி சொல்லுங்க என்று இங்கிலீஷில் கேட்டாய். அவர் மறுபடி சொன்னார். இனி மருந்து கேட்காது என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. நீ அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, கீழே போய்க் கோப்பி வாங்கி வரச் சொன்னாய். சீனி குறைவாக.

நீ போன பிறகு மாடியைப் பூட்டிவிட்டேன். சாவியைத் துணிக்கடையில் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். வந்தவர்கள் எல்லாம் மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்கள், எப்படி இருக்கிறேன் என்று கேட்டார்கள். "ஓகே லா" என்றேன். கேட்டவர்களும் நிம்மதியாக டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

கமலா விடவில்லை. டெலிபோன் மேசைக்கு ஆள் எடுக்கும் தேர்வு வருகிறது, வகுப்பு எப்போ, டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சரி என்று திறந்தேன். பழையபடி ஒரு புதுப் பேச்சைத் தேடிப் போட்டேன். கூட்டம் சிரித்தது. வகுப்பும் சிரித்தது, முனியாண்டி அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். கமலா மட்டும் கையைத் தூக்கினாள். "வசந்தாக்கா வெட்டித் தருவாங்க டீச்சர்" என்றாள்.

உன் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். அந்த வேலை எனக்கு வரவில்லையடி. சிரிப்பை வெட்டப் போய், அதற்கு முந்திய வாக்கியத்தின் வாலையும் சேர்த்து வெட்டினேன். பேசுகிறவர் பாதியில் பாதியில் தொங்கினார். நீயாக இருந்தால் ஒரு வாரத்துக்கு என்னைக் கிண்டலடித்திருப்பாய். ஆனால் ஒன்று, அரைகுறையாக வெட்டிய அந்தப் பேச்சு நிஜப் போன் பேச்சு மாதிரி இருந்ததாகக் கமலா சொன்னாள். கடைசி வார்த்தை விழாவிட்டால் என்ன கேட்டிருப்பார் என்று யோசித்துப் பழகினாளாம். உன் கட்சிக்குப் பாதி ஓட்டு என்று வைத்துக்கொள். முழு ஓட்டுக் கிடையாது.

தேர்வு இப்படி நடந்தது. வந்தவர்களை ஒவ்வொருவராக டெலிபோன் முன்னால் உட்காரவைத்தார்கள். ஹோட்டல் ஆட்களே மேல் அறைகளிலிருந்து கெஸ்ட் மாதிரி கூப்பிட்டார்கள். கமலாவுக்கு வந்த ஆள் வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினாராம். பின்னால் டிவி வேறு. தலையணை என்பது அவளுக்கு விளங்கியது, மற்றது போய்விட்டது. எஸ் சார் என்று சொல்லி வைத்துவிடலாம் என்றுதான் நாக்கு நுனிவரைக்கும் வந்ததாம். அவளுக்கு முன்னால் போன இரண்டு பேரும் அப்படித்தான் செய்தார்கள், மளமளவென்று முடித்துவிட்டார்கள். கமலா தலையணை என்று கேட்டது விளங்கியது, அதற்குப் பிறகு சொன்னது விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டாள். மறுபடி வந்ததில் இன்னும் கொஞ்சம் பிடித்தாள். மிச்சத்துக்கு மூன்றாம் தடவையும் கேட்டாள். கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று உறுதி செய்துகொண்டு வைத்தாள்.

எதற்கு இத்தனை தடவை கேட்டாய் என்று மேனேஜர் அம்மா விசாரித்தார். வீட்டுக்குத் திரும்பும்போது, போச்சு, கெடுத்துக்கொண்டேன் என்றுதான் ஃபெரியில் அழுதிருக்கிறாள். ஆனால் அந்த அம்மாவுக்கு அவள் சொன்ன பதில் இது: "தப்பா கேட்டுச் சொன்னா, தப்பான தலகாணியத் தூக்கிட்டு ஒருத்தி மாடி ஏறுவா. மறுபடி எறங்கி மறுபடி ஏறுவா. அந்த ஒருத்தி இவ்வளவு நாளா நான்தான்."

வேலை அவளுக்குத்தான். இதோ நீ கேட்ட முடிவு.

போன வாரம் லட்டு டப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். உன் படத்துக்கு முன்னால் இரண்டு லட்டு வைத்துவிட்டு, என் எதிரே உட்கார்ந்தாள். புது நாற்காலி சுழலுமாம், காதில் மாட்டும் கருவி தலைமுடியில் சிக்குகிறதாம், நிறையச் சொன்னாள். பிறகு, நீங்க எப்படி இருக்கீங்க டீச்சர் என்று கேட்டாள். நான் வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். ஓகே லா கமலா என்றேன்.

அவள் எழுந்து போகவில்லை. லட்டையும் தொடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"தலையாட்டக் கூடாது டீச்சர். எனக்கு விளங்கல. மறுபடி சொல்லுங்க."

உன் சட்டம். உன் குரலில்கூடச் சொல்லவில்லை, அவள் பாட்டுக்குச் சொன்னாள். நான் மறுபடி சொன்னேன். "நல்லா இல்ல, கமலா. எனக்கு அவ வேணும்." ஒரு வருசத்தில் முதல் தடவையாக, சின்ன வார்த்தையாக. அவள் சரி என்றாள். அதற்குமேல் ஆறுதல் எதுவும் சொல்லாமல், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். நான் அழுது முடிக்கிறவரைக்கும் இருந்துவிட்டு, ஃபெரிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

வகுப்பை மூடமாட்டேன், வசந்தா. வாக்கியத்தின் வாலைத் தொடாமல் சிரிப்பை மட்டும் வெட்டப் பழகிக்கொள்கிறேன். வாரத்தில் ஒருநாள் உன் வளவளா ஆட்களையும் போடுகிறேன், ஜன்னலைத் திறந்து வைத்தே போடுகிறேன். எப்படி இருக்கிறாய் என்று யாராவது நின்று கேட்டால், இனிமேல் தலையாட்டாமல் உள்ளதைச் சொல்கிறேன். சத்தியம்.

மேடைப் பேச்சே மேல் என்று இன்னமும் சொல்லும்,
உன் அக்கா
சகுந்தலா