அடையாறிலிருந்து திரும்பி வந்த ஜாதகம்

3-6-46, திங்கள்
வெயில் கொளுத்துகிறது. டேபிள் ஃபேன் மோட்டாரில் தேய்ந்த கார்பனை மாற்றினேன்.

அக்காவின் ஜாதகம் அடையாறிலிருந்தும் திரும்பிவிட்டது. மூன்றாவது தடவை. தபாலை எப்போதும் அக்காதான் வாங்குவாள், இன்று நான். திருப்பி அனுப்பியவர் வரனேதான்: கணக்கு வாத்தியார், அப்பாவின் பழைய மாணாக்கர். அப்பாவுக்குக் கண் போனதிலிருந்து ஞாயிறுதோறும் பேப்பர் படித்துக் காட்ட வருவார். ஒரு மாசமாகக் காணோம். "பொருந்தவில்லை, மன்னிக்கவும்." அவ்வளவுதான்.

நகல் அக்கா கையெழுத்து. செவ்வாய் எட்டில், தோஷம். ஜோசியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் வானம் தெரியும். சூரியன் மேஷத்தில், சுக்கிரன் நேர் எதிரே துலாமில். நடக்காத காரியம்! சுக்கிரன் சூரியனை விட்டு அவ்வளவு தூரம் விலகாது.

பெட்டியில் அப்பா எழுதிய மூல ஜாதகம் இருந்தது. ஒப்பிட்டேன். நகலில் செவ்வாயும் சுக்கிரனும் கட்டம் மாறியிருக்கின்றன. மூலத்தில் தோஷமே இல்லை.

4-6, செவ்வாய்
அப்பா தூங்கியதும் அடுக்களையில் கேட்டேன்.

"நீதானே மாத்தினே?"

"ஆமா. நான் போயிட்டா அப்பாவை யாருடா பாத்துப்பா? பொண்ணாத்துல ஒரு வாய் சாப்பிட மாட்டார். உனக்கு பெங்களூர்ல வேலை வந்திருக்கு. அதை விட்டுட்டு இங்கேயே உக்காந்துண்டிருப்பியா?"

"வாத்தியாரைப் பிடிக்கலையா?"

கத்தரிக்காய்க் காம்பைக் குழம்பில் போட்டாள், காயைக் குப்பையில். பிடித்திருக்கிறது.

எனக்குக் கோபம். தியாகம் பண்ணச் சொல்லி யார் கேட்டது?

6-6, வியாழன்
அரை நாள் லீவு. சைக்கிளில் அடையாறு. பாலத்தருகே ஒரு மீன்காரம்மா மேல் இடிக்க இருந்தேன்.

"இன்னா நைனா, பொண்ணு பாக்கவா போய்க்கினு கீறே? மெதுவா போ, அது ஓடிடாது!"

வாத்தியாரிடம் சுற்றி வளைக்கவில்லை. "ஜாதகம் தப்பு சார்."

"தெரியும். சுக்கிரன் அங்கே வராதே."

"அப்புறம் ஏன் திருப்பி அனுப்பினேள்?"

"உங்க அக்கா கையெழுத்து. வேண்டாம்னு வாயால சொல்ல முடியாம இப்படிச் சொல்றான்னு நெனச்சுண்டேன். என் ஜாதகத்துலதான் கோளாறுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். இனிமே கல்யாணப் பேச்சே எடுக்காதேன்னும் சொல்லிட்டேன்."

"அவளுக்கு இஷ்டம்தான்" என்றேன்.

"காபி சாப்பிடறேளா?" மூன்று தடவை கேட்டார். காபி வரவேயில்லை.

9-6, ஞாயிறு
வாத்தியார் வந்தார், அம்மாவோடு. பேப்பரில் ஒரே பத்தியை இரண்டு தடவை படித்தார். அப்பா திருத்தவில்லை, சிரித்தார். ஆவணியில் முகூர்த்தம். அப்பாடா!

அக்கா என்னைத் தனியே இழுத்து, "அப்பா?" என்றாள். பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். நம்பிவிட்டாள். அப்பாவாவது, மயிலாப்பூரை விடுவதாவது! கைக்குப் பழகிய சுவர்கள் இந்த வீட்டில் மட்டும்தான்.

பெங்களூர் வேலை வேண்டாமென்று நேற்றே எழுதிப் போட்டாயிற்று. வருத்தம் இல்லை. மத்தியானம் அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். இனி ரசம் வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

தாலி ஏறும்வரை அக்காவிடம் மூச்சு விடக் கூடாது. தெரிந்தால் இன்னொரு ஜாதகம் எழுதுவாள்.