கரடி இருந்த புற்று

வால்பாறை, 1941 ஆவணி

மருதாயிக்கு, ஆவுடையப்பன் தன் கைப்பட எழுதுவது. பார், யாரையும் கெஞ்சாமல் நானே எழுதுகிறேன்; எழுதி முடிக்க நாலு நாள் ஆனது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? இதை உனக்கு வாசிக்கும் மகள் சொர்ணவல்லி பதற வேண்டாம். அவளுக்கு இது எட்டாம் மாதம்.

அவள் பிரசவத்துக்காக நீ நேர்ந்தபடி, வெள்ளிதோறும் வாய் பேசாமல் போய்ப் புற்றுக்குப் பால் ஊற்றிவந்தேன். போன மாதம் ஒரு வெள்ளியன்று புற்றில் உஸ்ஸென்று சத்தம் கேட்டது. நாகம்மாள்தான் என்று கண்ணை மூடிக் கும்பிட்டேன். திறந்தால், புற்றின் பின்பக்கம் கறையான் தின்றுகொண்டிருந்த கரடி தலையைத் தூக்கியது. நான் ஓடவில்லை. அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்னால் நகர்ந்து வந்துவிட்டேன். ஒரு கீறலும் இல்லை.

எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த பக்கத்து லயத்து வீட்டில் இருக்கும் அந்தோணிமுத்து சிரித்தார். "சாமி கும்பிடப் போயி கரடியைக் கும்பிட்டு வந்திருக்கீங்க அண்ணே. ஓடினா வெரட்டும், மரத்துல ஏறினா அதுவும் ஏறும். சத்தம் போட்டுக்கிட்டே போங்க, அதுவா ஒதுங்கிரும்."

அதனால் மௌனத்தை மட்டும் விட்டேன், பால் ஊற்றுவதை விடவில்லை. அது குற்றமா என்று நம் ஊர் ஆலங்குடிப் பூசாரியிடம் கேட்டு எழுதச் சொல். இப்போது அ, ஆ என்று படித்த எழுத்தையெல்லாம் உரக்கச் சொல்லியபடி போகிறேன். பாதி வழியில் எழுத்துத் தீர்ந்துவிடும். பிறகு உன்னிடம் பேசிக்கொண்டே நடக்கிறேன்.

செத்துப்போன நம் ஆட்டின் கழுத்து மணியை அனுப்பி வை. தபால் பையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். மணி வந்தாலும் பேச்சை நிறுத்த மாட்டேன்.

ஆவுடையப்பன்