ஐந்து கட்டைக்குக் கீழே இறங்கமாட்டேன்

ஜூன் 4

நாடகக் கம்பெனிக்குப் புதுக் கதாநாயகன் வந்தாயிற்று. முதலாளியின் மாப்பிள்ளை. ஆள் லட்சணம்தான், வாயைத் திறந்தால்தான் வம்பு. நான் எப்போதும் பாடுகிற ஐந்து கட்டைச் சுருதிக்கு அவர் குரல் எட்டவேயில்லை. முதலாளி ஆர்மோனியக்காரரிடம், "ரெண்டு கட்டைக்கு இறக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூன் 9

இரண்டு கட்டையில் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. பின்வரிசையில் யாரோ, "சத்தமா பாடும்மா" என்றார். என்னைப் பார்த்து.

ஜூன் 15

முதலாளி கூப்பிட்டனுப்பினார். "உன் குரல் போயிருச்சும்மா. வயசாகுதுல்ல? அடுத்த மாசத்துலேர்ந்து அம்மா வேஷம் கட்டிக்க."

குரல் போகவில்லை ஐயா, நீங்கள்தான் அமுக்கி வைத்திருக்கிறீர்கள் — இது வாய் வரை வந்தது. சொன்னேனா? சொன்னேன். காதில் விழாத மாதிரி மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த மாப்பிள்ளைக்கு நான் அம்மாவாம். எங்களுக்குள் மூன்று வயதுதான் வித்தியாசம். அதிலும் அவர்தான் பெரியவர்.

அக்காவிடம் சொன்னேன். "விட்டுட்டு வந்துடேன்டி" என்றாள். நான் ஏன் விடணும்? அவங்க விடட்டும்.

ஜூன் 21

தர்க்கப் பாட்டுக்கு மட்டுமாவது என் சுருதியை வையுங்கள் என்று ஆர்மோனியக்கார அண்ணனிடம் கெஞ்சினேன். நாயகனும் நாயகியும் பாட்டிலேயே கேள்வி கேட்டுச் சண்டை போடுகிற இடம் அது. பதில் வராதவர் தோற்றவர். கதைப்படி மூன்றாவது கேள்விக்கு நான் வாயடைத்து, தலைகுனிந்து, அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும்.

"என் வயித்துல அடிக்காதம்மா" என்றார் அண்ணன். பிள்ளைகுட்டிக்காரர். அவரைச் சொல்லி என்ன?

ஜூன் 30

இன்றோடு நாயகி வேஷம் முடிகிறது. காலையிலிருந்து வெந்நீர்தான். யாரோடும் பேசவில்லை.

ஜூலை 1

நேற்று ராத்திரி செய்துவிட்டேன்.

மூன்றாவது கேள்வியை மாப்பிள்ளை பாடி முடித்தார். நான் தலைகுனியவில்லை. ஆர்மோனியத்தை நிறுத்தச் சொல்லி அண்ணனுக்குக் கையைக் காட்டினேன். நின்றது. வெறும் குரலில், ஐந்து கட்டையில் எடுத்தேன். அப்போது வாயில் வந்த வரிதான்: 'என் குரலைக் கட்டிவிட்டு என்னோடு பாட வந்தீரோ.' ஒரு வரி முடிவதற்குள் அண்ணனின் விரல்கள் என் சுருதியைப் பிடித்துவிட்டன. பயந்த மனிதர்தான், ஆனால் அந்தக் காது சும்மா இருக்குமா?

பதில் பாட வேண்டியவர் மாப்பிள்ளை. வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

கூட்டம் 'ஒன்ஸ் மோர்' கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்பப் பாடினேன், அழுதுகொண்டே. சந்தோஷமில்லை, ஆத்திரம். கதையில் கல்யாணம் நடக்காமலே திரையை இறக்கிவிட்டார்கள்.

"இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்றார் முதலாளி.

ஜூலை 2

மிதிக்கவில்லை. அவர் வாசப்படி யாருக்கு வேணும்? — எனக்கு வேணும். அதுதான் வயிறெரிகிறது.

ஜூலை 8

முதலாளியே வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றபடி, "அடுத்த ஊர்ல பொம்பளை ஜெயிக்கிற நாடகம்தான் வேணுங்கிறாங்க" என்றார்.

"எந்தக் கட்டையில?"

தொண்டையைச் செருமினார். தெருவைப் பார்த்தார்.

"உன் கட்டையிலதான்."

ஜூலை 13

ஒத்திகை. பக்கத்து அறையில் மாப்பிள்ளை தோற்கப் பழகிக்கொண்டிருக்கிறார். பாவம், அதற்கும் சுருதி சேரவில்லை.