சரோஜா பெயரில் எடுத்த நாவல்கள்

ஆவணி 4, திங்கள்

விடியலில் தூறல், பத்து மணிக்கு வெயில். கரும்புக்குத் தண்ணீர் பாய்கிறது. மோட்டார் கொட்டகையில் நான். நாவலுக்குக் காலண்டர் தாளில் அட்டை போட்டு மறைத்திருக்கிறேன்.

இத்தனை மாத நாவல்கள் படித்தாயிற்று. அபிப்பிராயங்களை ஒழுங்காக எழுதி வைக்க எண்ணம். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. தலைப்புகள்:

1. குறைகள்.
2. நம்ப முடியாதது.
3. பிடித்தது (உண்மையை எழுத வேண்டும்).
4. இந்த வயதில் ஏன்.

1. கதாநாயகனுக்கு ஆலை உண்டு, கார் உண்டு, வேலை மட்டும் கிடையாது. படிக்கட்டு இருந்தால் கதாநாயகி அதில் விழுவாள். பிடிக்க அவன் கீழேயே நிற்பான். மழை கேட்ட நேரத்தில் வருகிறது. எங்கள் செலியமேட்டில் அப்படிப் பெய்தால் தேவலை. அட்டையில் இருக்கும் பெண் கதையில் வருவதே இல்லை. இந்த வாரத்து நாவலில் ப. 61 வரை அத்தை, ப. 62 முதல் சித்தி. பென்சிலால் குறித்தேன். பிறகு அழித்தேன். கடைப் புத்தகம்.

2. கதாநாயகி ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். அந்தக் கடிதம் நான் எழுதியதல்ல என்றால் போதும். அதைச் சொல்லாமல் நூறு பக்கம் அழுகிறாள். படித்த பெண், வாய் இருக்கிறது, எதிரிலேயே அவன் நிற்கிறான். நிஜத்தில் யாரும் இப்படி இருக்கமாட்டார்கள். பக்கம் நிரப்பும் தந்திரம்.

மற்றவை நாளைக்கு. தண்ணீர் வரப்பு தாண்டிவிட்டது.

ஆவணி 5, செவ்வாய்

வெயில். பாகூர் போய்வந்தேன். மூக்குக்கண்ணாடிக்குத் திருகு, மாட்டுக்குக் கட்டுக்கயிறு, நாவல் இரண்டு.

ஒன்றை எழுதியாக வேண்டும். கடைத்தெருவில் பாய் வைத்திருக்கும் வாடகைப் புத்தகக் கடை. போன தை மாதம் முதல்முறை போனபோது நோட்டைத் திறந்து, யார் பெயருக்கு என்று கேட்டார். பிரெஞ்சுப் பள்ளியில் பிரெவே வரை படித்தவன், கொம்யூன் மேரி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் ஆயுள் முழுக்க ஊராருடைய பெயர்களை எழுதியவன். என் பெயர் வாயில் வரவில்லை. மருமகள் கேட்டாள் என்றேன். 'சரோஜா, செலியமேடு' என்று எழுதிக்கொண்டார். இன்றுவரை அந்தப் பெயரில்தான். சரோஜாவுக்குத் தெரியாது. அவள் நாவலைத் தொட்டதில்லை. காலையில் மாட்டு வேலை, பகலில் பாகூரில் தையல் வகுப்பு. வரும் சனிக்கிழமை பரீட்சை.

பாய் ஒவ்வொரு முறையும் மருமகளின் அபிப்பிராயத்தைக் கேட்பார். நான் என்னுடையதைச் சொல்வேன். இன்று, முடிவு அவசரமாக இருக்கிறதாம் என்றேன்.

"உங்க மருமவ சொன்னா கரெக்டா இருக்கும்யா. அவங்க நல்லா இருக்குதுன்னு சொன்னதத்தான் மத்தவங்களுக்கும் எடுத்துக் குடுக்கிறேன்."

திரும்பும் வழியெல்லாம் ஒரு சந்தோஷம். வெட்கமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கொஞ்சம் கூட.

3. பிடித்தது: கதாநாயகன் அவளிடம் "சாப்பிட்டாயா" என்று கேட்கும் இடங்கள். எல்லா நாவலிலும் வருகிறது. எனக்கு அலுக்கவில்லை. கட்டிய மனைவி பாக்கியத்திடம் நான் கேட்டதாக நினைவில்லை. அவள் போய் நான்கு வருஷம்.

ஆவணி 6, புதன்

புழுக்கம். கொல்லையில் பாம்புச் சட்டை.

மகன் ராஜவேலு உரம் வாங்கப் பாகூர் போயிருந்தான். பாய் அவனைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டம்மா வாரத்துக்கு இரண்டு நாவல் முடிக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மூட்டையை இறக்கும் முன்பே ஆரம்பித்தான்.

"தையல் கத்துக்கப் போறன்னு பாத்தா, காதல் கத படிச்சிக்கினு வர்றியா?"

தான் எடுக்கவில்லை என்று சரோஜா ஒரு தடவை சொன்னாள். நோட்டில் உன் பெயர் எப்படி வந்தது என்றான். அவள் என்னைப் பார்த்தாள். அதிக நேரமில்லை. தவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு மாட்டுப் பக்கம் போய்விட்டாள்.

"இனிமே பாகூரும் வேணாம், பரீட்சையும் வேணாம். வூட்ல கெட."

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே பத்தியை.

ஆவணி 7, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை.

நேற்று சொல்லாததற்குக் காரணங்கள்:
அ) ராஜவேலு கோபத்தில் இருந்தான்.
ஆ) உரமூட்டை இறக்கிய ஆள் நின்றிருந்தான்.
இ) இன்று சொல்லலாம் என்று.

அ சரி. ஆ பாதி சரி. அந்த ஆளுக்குக் காது மந்தம்.

4. இந்த வயதில் ஏன்: பாக்கியம் போனபின் வீட்டில் எனக்கு வரும் பேச்சு மூன்று. சோறு ஆயிற்று, மோட்டார் போடு, மாத்திரை போட்டாயா. நாவலில் எல்லாரும் ஓயாமல் பேசிக்கொள்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல.

இதை எழுத என்னால் முடிகிறது. அதை வாயால் சொல்ல முடியவில்லை.

சரோஜா பரீட்சைக்குக் காட்டத் தைத்த குழந்தைச் சட்டை கொடியில் கிடந்தது. மதியம் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தபோது டம்ளரின் விளிம்பு வரை ஊற்றியிருந்தாள், எப்போதும் போல.

ஆவணி 8, வெள்ளி

வெயில். மோட்டார் கொட்டகை. நாவல் கொண்டுபோகவில்லை.

ராஜவேலு வந்தான். தனியாக. இதைவிட நல்ல சமயம் கிடையாது. கூப்பிட்டேன்.

"இன்னாப்பா?"

"பெல்ட்டு தளர்ந்திருக்குது."

தொட்டுப் பார்த்தான். சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆவணி 9, சனி

காலை மழை. எட்டரை பஸ் ஊர்முனையில் ஹாரன் அடித்தது. சரோஜா வறட்டி நனையாமல் சாக்குப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பஸ் போயிற்று. அடுத்தது பத்தரைக்கு. பரீட்சை பத்துக்கு.

மதியம், ராஜவேலு சாப்பிடும்போது சொன்னேன். புத்தகங்களை எடுத்தது நான், படித்தது நான், பெயரை மாற்றிச் சொன்னதும் நான். முழுதும் சொல்ல ஒரு நிமிஷம் ஆகவில்லை.

சோறு கையில் நின்றது. சிரிப்பான் என்று பயந்தேன். சிரிக்கவில்லை.

"இத்த புதன்கெழமையே சொல்றதுக்கின்னாப்பா?"

சரோஜாவிடம் அடுத்த தடவை எழுதலாம் என்று தணிந்த குரலில் சொன்னான். அவள் மோர்ச்சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் கை கழுவப் போனதும் எனக்கு ரசம் ஊற்றினாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் மாமா. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

நீ சாப்பிட்டாயா என்று கேட்க வாய் திறந்தேன். இன்றைக்கு அதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது. ரசத்தைக் குடித்தேன்.

ஆவணி 10, ஞாயிறு

தூறல். தையல் டீச்சர் வீடு குருவிநத்தத்தில். நடந்து போய் விசாரித்தேன். அடுத்த பரீட்சை ஒரு வருஷம் கழித்துத்தானாம். சரோஜா வரவில்லையே, யார் உடம்புக்கு என்ன என்று டீச்சர் கேட்டார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை, என்னால்தான் என்று மட்டும் சொன்னேன்.

சரோஜாவிடம் வருஷக் கணக்கை இன்னும் சொல்லவில்லை. சாயங்காலம் சொல்ல வேண்டும். இன்றே.

திங்களன்று 2இல், ஒரு வார்த்தை சொல்லாதவளைப் பற்றி எழுதியது தவறு. அது பக்கம் நிரப்பும் தந்திரம் அல்ல.